தார்ப்பாய் ஏரி

பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள், முதுகு மக்கர் செய்ததால் வண்டியை விட்டுவிட்டு நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் வரைபடத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தாள்.

"ஊரையே சுத்தினவ, ஊர்ப்படம் போடப் படிக்கணுமா?" என்று சிரித்தான் தையல்காரக் கணவன்.

"உனக்கு நம்ம தெருவுக்கே வழி தெரியாது. நீ பேசாத."

மவுஸோடு முதல் மாதம் நாய் படாத பாடு பட்டாள். திரையில் சாலை வரைந்தால் அது ஆற்றுக்குள் போய் விழுந்தது. "அக்கா, வண்டிய தண்ணில விட்டுட்டீங்க" என்று கூடப் படித்த பிள்ளைகள் கத்தினார்கள்.

இரண்டாம் பருவத்தில் செயற்கைக்கோள் படம் பார்த்து நிலம், நீர், கட்டடம் என்று கணினியையே நிறம் பிரிக்க வைக்கும் பாடம். பேராசிரியர் தாம் செய்த படத்தைப் பெருமையாகக் காட்டினார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஏரி மின்னியது.

"சார், அது ஏரி இல்ல, மரக்கடை. மேல நீலத் தார்ப்பாய் போட்டிருப்பாங்க."

"சாட்டிலைட் பொய் சொல்லாதும்மா."

"சாட்டிலைட் எங்க சார் சொல்லுச்சு? நீங்கதான் சொல்றீங்க."

பேராசிரியரின் காது மிளகாயாய்ச் சிவந்தது. "ஆதாரத்தோட வாங்க. இல்லேன்னா இந்தப் பாடத்துக்கு மார்க் கிடையாது!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மரக்கடைக்கு ஓடினாள். அங்கே தார்ப்பாயைக் காணோம். புதிய தகரக் கூரை பல்லைக் காட்டியது.

"போன மாசம்தாங்க கழட்டினோம். கிழிஞ்சு மூலையில கெடக்கு" என்றார் கடைக்காரர்.

அந்தச் செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு மேலே வரும் என்று வகுப்பில் படித்திருந்தாள். அடுத்து வியாழக்கிழமை காலை. கணவனை இழுத்து வந்து தார்ப்பாயைத் தைக்க வைத்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பெரிய துணி தைக்கலடி!" என்று புலம்பியபடி அவன் தைத்தான், கூரைமேல் ஏறிக் கயிறும் கட்டினான். மேகம் வந்துவிடுமோ என்று இருவரும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

அடுத்த வாரம் மூன்று படங்களைத் திரையில் போட்டாள். போன வருடம் ஏரி இருந்தது. இரண்டு வாரம் முன்பு இல்லை. வியாழனன்று மறுபடி நிரம்பிவிட்டது.

"மழையே பெய்யலையே!" என்றது பின்வரிசை.

"அன்னிக்குக் கூரையில தார்ப்பாயக் கட்டினது நாங்கதான் சார்" என்றாள் அவள். பேராசிரியர் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தே விட்டார். தம் படத்திலிருந்த ஏரியைத் தம் கையாலேயே அழித்தார். "இனிமே எல்லாரும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துதான் படம் தரணும்" என்று வகுப்புக்கு உத்தரவும் போட்டார். அவளைப் பிள்ளைகள் முறைத்தார்கள்.

அவளுக்கு எண்பத்தாறு மார்க். எழுத்துப் பிழைக்காக நான்கு குறைத்திருந்தார். அந்த நான்குக்காக அவள் அவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, இரண்டை மீட்டுக்கொண்டு வந்தாள்.