குமாரைத் தள்ளிவைத்தோம்

சித்தப்பா என்னிடம் யோசனை கேட்டது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் அவர் என் பேச்சைக் கேட்டிருக்கவே கூடாது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஆரணியில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போட்டுத் தருவதற்காகச் சித்தப்பா ஒன்று வாங்கியிருந்தார். டிசைன் போட்ட நேரம் போக, மோடத்தை டெலிபோனில் மாட்டி, மெட்ராஸில் ஒருவர் தன் வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரைக் கூப்பிடுவார். அது ஒரு தகவல் பலகை மாதிரி. யார் யாரோ அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் போட்டிருப்பார்கள். இன்டர்நெட் என்ற பேச்சே எங்கள் தெருவுக்கு வராத காலம். எஸ்டிடி லைன் நாலு நிமிஷம் அறுபடாமல் நின்றால் அதிசயம். அதனால் கடிதங்களை ஒரே மூட்டையாக இறக்கிக்கொண்டு, போனை வைத்துவிட்டு, பிறகு ஆற அமரப் படிக்க வேண்டும். மூட்டையைப் பிரித்துக் காட்ட ஒரு சாஃப்ட்வேர் தேவை. வேலூர் சிநேகிதர் ஒருவர் இரண்டு ஃப்ளாப்பிகளில் இரண்டு வகை கொடுத்தனுப்பியிருந்தார்.

“நீயே சொல்லும்மா, எத வெச்சிக்கலாம்?” என்றார் சித்தப்பா.

முதலாவது வெறும் கறுப்பு வெள்ளை. மூட்டையில் இருப்பதை ஒன்று விடாமல் வரிசையாகக் காட்டும். இரண்டாவது நீலமும் மஞ்சளுமாகப் பளபளத்தது. அதோடு, பிடிக்காத ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டால் அவர் எழுதியதைக் கண்ணிலேயே காட்டாது. எனக்கு அது போதும். குமார் என்று ஒருவர் அந்தப் பலகையில் எல்லோரோடும் முழநீளத்துக்குச் சண்டை போடுவார். சித்தப்பா எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் நான் கேம்ஸ் ஆடக் கம்ப்யூட்டர் கிடைக்கும். குமார் எழுத எழுத என் ஆட்டம் குறைந்துகொண்டே போனது.

“கலரா இருக்கிறதையே வெச்சிக்கலாம் சித்தப்பா. குமாரைத் தள்ளி வெச்சிடலாம்.”

“ஆமாம்மா, ரொம்ப பேஜாரு பண்ணிகினு இருக்கான்.” சிரித்துக்கொண்டே கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். “ஸ்பெல்லிங் தெரியுமா?”

தெரியாதா பின்னே. ஐந்து எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். “கரெக்டா போட்டுட்டியே” என்று தோளில் தட்டினார்.

அந்த வாரம்தான் அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். அதே பலகையில் விஜயகுமாரி என்று ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். மெட்ராஸில் வேலை. ஒரு வருஷமாக இருவரும் எழுதிப் பழகியிருந்தார்கள், முகம் பார்த்ததில்லை. போன் நம்பரையோ விலாசத்தையோ கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள் சித்தப்பா. வீட்டாரோடு வந்து பெண் கேட்கலாமா என்று, அவருக்கு மட்டும் போகிற தனிக் கடிதம் ஒன்றை எழுதியிருந்தார். அப்பாவோ செய்யாறில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். “ஒரு மாசம் டைம் குடு அண்ணா” என்று மட்டும் கேட்டாராம். இதெல்லாம் அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னது.

அந்த மாதம் முழுக்க நான் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்பே மூட்டை வந்துவிடும். சித்தப்பா தலைப்புகளை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்ப்பார். தள்ளிவைத்த கடிதங்கள் எத்தனை என்று திரையின் அடியில் ஓர் எண் வரும். ஒருநாள் ஆறு என்று வந்தது. குமார் ஆறு எழுதியும் வீண் என்று எனக்கு ஒரே குஷி.

“விடமாட்டான் போலருக்கு இந்த ஆளு” என்றார் சித்தப்பா. குரலில் சிரிப்பு இல்லை.

“இன்னா தம்பி, சோறு அப்படியே இருக்குது?” என்று அம்மா கேட்பாள். “பசிக்கல அண்ணி” என்பார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் இரண்டாவது யோசனை கேட்டார். “ஒருத்தர் பதிலே போடலன்னா இன்னாம்மா அர்த்தம்?”

என் வகுப்பில் ஒருத்தி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த சமயம் அது. “புடிக்கலன்னு அர்த்தம் சித்தப்பா” என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அவர் தலையை ஆட்டினார். செய்யாறில் கல்யாணம் நடந்தது. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்தேன். மோடம் பரணுக்குப் போனது.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில், தூக்கிப் போடச் சொல்லிச் சித்தப்பா ஃப்ளாப்பி டப்பாவை என்னிடம் கொடுத்தார். பழைய மூட்டைகள் அதில் அப்படியே இருந்தன. நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கறுப்பு வெள்ளை சாஃப்ட்வேரும் இருந்தது. சும்மா அதில் திறந்து பார்த்தேன். குமாரின் சண்டைகளுக்கு நடுவே விஜயகுமாரியின் கடிதங்கள் மூன்று. “அப்பாவிடம் சொல்லிவிட்டேன், வரச் சொல்லுகிறார்” என்று முதலாவது. “என் கடிதம் கிடைத்ததா?” என்று இரண்டாவது. மூன்றாவதில் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கச் சொல்லியிருந்தார். வெளியே சித்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நல்லவள். நான் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும்.

பெயர் எங்கே முடிகிறது என்று அந்தச் சாஃப்ட்வேர் பார்ப்பதில்லை. கொடுத்த எழுத்துகள் எந்தப் பெயருக்குள் இருந்தாலும் தள்ளிவிடும். ஆங்கிலத்தில் குமாருக்கு ஐந்து எழுத்து, குமாரிக்கு அதே ஐந்தோடு ஒரு ஐ. குமாரிக்குள் குமார் இருப்பது ஏழாம் வகுப்பில் எனக்குத் தெரியவில்லை. ஸ்பெல்லிங்கில் மட்டும் தப்பே இல்லை.