துபாய் தாய்மாமன் கட்டிய பட்டம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவன், பூ கொட்டினால் பூச்சி என்றுதான் சொல்வேனே தவிர கண் பட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

எழுபதுகளில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. என் மச்சினன் பழனிசாமி துபாயில் வேலையாக இருந்தான். துபாயிலிருந்து பம்பாய்க்கு மூன்று மணி நேரம், அங்கே விமானம் மாறிக் கோயமுத்தூர் பீளமேட்டுக்கு இரண்டு மணி நேரம், அப்புறம் கார் பிடித்தால் முதலமடை. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் இந்தக் கணக்கைப் பெருமையாக ஒப்பித்துக்கொண்டு திரிந்தேன். அவன் வராவிட்டால் அவனுடைய பெரியப்பா மகன் சின்னசாமிதான் கட்ட வேண்டும். வரப்புத் தகராறில் பழனிசாமியைக் கைநீட்டி அடித்தவன் அவன். "அவங்கை எம்புள்ள நெத்தியில படக்கூடாதுங்க" என்று என் மனைவி பொன்னாத்தா அழுதுகொண்டே இருந்தாள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாங்காய் மண்டிக்கு டிரங்க் கால் வந்திருக்கிறது என்று ஆள் வந்தது. ஓடினேன். பழனிசாமியின் குரலேதான்.

"மச்சான், பம்பாயில பேய் மழைங்க. பிளேன் கெளம்பாதுன்னுட்டாங்க. நா இன்னைக்கு வந்து சேர முடியாதுங்க." விம்முகிறான். மண்டிக்காரரும் பக்கத்தில் நின்று கேட்டார், அவரே சாட்சி.

பொன்னாத்தாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பந்தலில் ஒரே கூட்டம், தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிறேன், பழனிசாமி என் மகளுக்கு எதிரே நின்று பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறான்! இருட்டு கிருட்டு எதுவும் இல்லை ஐயா, நல்ல வெயில், பத்தடி தூரம்! உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, பயத்தைவிட சந்தோஷம்தான் பொங்கியது. "எப்படி மாப்ள வந்தே?" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவன் திரும்பவில்லை. தாலி கட்டி, அட்சதை போட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். சாப்பிடப் போயிருப்பான் என்று பந்தி பந்தியாகத் தேடினேன், இல்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டியோடு பழனிசாமி இறங்கினான். கூடப் பிறந்த பொன்னாத்தாவுக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. துபாய்த் தண்ணீரில் முன்தலை முழுக்கக் கொட்டி, தொப்பை போட்டிருந்தான். முந்தின நாள் வந்தவனுக்கோ தலை நிறையச் சுருட்டை முடி, சில வருஷம் முன்னால் நாங்கள் வழியனுப்பிய அன்று எப்படி இருந்தானோ அப்படியே!

நடந்ததைச் சொன்னோம். அவன் சிரிக்கக்கூட இல்லை. "பம்பாயில நின்னவன் இங்க எப்படீங்க மச்சான் கட்டுவேன்?" என்றான். ஊரே சத்தியம் செய்தும் நம்பவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால், பொன்னாத்தா அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்பான்.

"நா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க மச்சான். சின்னசாமிதான கட்டுனான்? சொல்லிப்போடுங்க."