ஏழடி அகலப் படகில் ஒரு மாதம்

என் மகள் இங்கிலாந்தில் ஒரு படகை வாங்கி அதில் குடியேறிவிட்டாள் என்ற செய்தி வந்த அன்று என் மனைவி சமைக்கவில்லை. படகு என்றால் சுற்றிப் பார்க்கிற படகு இல்லை. ஏழடி அகலம், ஐம்பத்தேழு அடி நீளம், இரும்பில் செய்து கால்வாயில் மிதக்கவிட்ட வீடு. தறிக்காரன் வீட்டுப் பெண் தண்ணீரில் குடித்தனம் செய்வதாவது என்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்களுக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.

மகள் ஒரு வழி சொன்னாள். எங்கள் இருவரில் ஒருவர் வந்து ஒரு மாதம் படகில் இருந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நாங்கள் வேண்டாம் என்றால் படகை விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடுவாள். சொன்ன சொல் மாறாதவள். அந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது. ஊருக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் மகளுக்கு வீடு கட்ட வாங்கிப் போட்ட மனையில் முள் மண்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு விமானம் என்றால் பயம், அதனால் என்னை அனுப்பினாள். பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாள். நானும் அதற்குச் சம்மதித்துத்தான் போனேன். மகள் திரும்பி வர வேண்டும் என்று மனைவியைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

குறை கண்டுபிடிக்கப் போனவனுக்கு முதல் வாரம் ஒன்றும் அகப்படவில்லை. இடம் குறுகல் என்று சொல்லலாம் என்றால், நான் நாற்பது வருஷம் தறி போக மிச்சமிருந்த இடத்தில் உருண்டு படுத்தவன். படகில் தறி இல்லாததால் தாராளமாகவே இருந்தது. மூழ்கிவிடும் என்று சொல்லலாம் என்றால், கால்வாயில் தண்ணீர் இடுப்பளவு. மூழ்கினாலும் எழுந்து நின்று பேசலாம். வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையில் நாயோடு நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், முந்தியதற்காக மன்னிப்பும் கேட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு முறை கரையோரக் குழாயில் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும். கக்கூஸுக்கு ஒரு பெட்டி. நிரம்பினால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்ட வேண்டும். முதல் தடவை மகள் தூக்கினாள். அவள் தூக்க நான் பார்த்துக்கொண்டிருப்பதா என்று இரண்டாம் தடவை நான் தூக்கினேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதாக இல்லை. காலையில் நிலக்கரி அடுப்பை மூட்டுவது என் வேலை. வாத்துகள் வந்து படகை வெளியிலிருந்து அலகால் தட்டும். அவள் கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்ப்பாள், நான் ரசம் வைப்பேன். அந்தக் கால்வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் படகைக் கட்டிவைக்கக் கூடாது. அதனால் அக்கம்பக்கம் என்று யாரும் நிலையாகக் கிடையாது. இதை ஒரு குறையாக மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பலபேர் இதையே வரம் என்பார்கள்.

மூன்றாவது வாரம் இடம் மாறினோம். கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் படகு அளவுக்கே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதற்கு லாக் என்று பேர். இரண்டு முனையிலும் கதவு. படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, கீழ்ப்பக்கத்து மடையைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். இருவரும் கரையில் ஏறினோம், மகள் படகின் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். "தூண்ல ஒரு சுத்து சுத்திக் கையில புடிச்சுக்கோபா. படகு எறங்க எறங்க விட்டுக்கினே இரு. கட்டிடாத" என்று சொல்லிவிட்டு மடையைத் திறக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ காலில் வந்தாள். போனை எடுக்கக் கை வேண்டும். தறியில் உட்கார்ந்தவன் நூல் முனையைச் சும்மா விட்டுவிட்டுக் கையை எடுக்க மாட்டான், முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எடுப்பான். இழை அறுந்தால் போடுகிற முடிச்சு அது. கண் பார்க்காமலே விரல் போட்டுவிடும், இழுக்க இழுக்க இறுகும். பட்டு இழைக்குப் போடுவதைக் கட்டைவிரல் தடிமன் கயிற்றுக்கும் என் விரல்கள் போட்டுவிட்டன. நான் போனில் மனைவிக்குப் படகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் கயிற்றில் தொங்க, மறுபக்கம் சாய்ந்துகொண்டே போனது. உள்ளே தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைவது கேட்டது. மனைவி போனில் அலறினாள். போன் கை தவறிப் புல்லில் விழுந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழக் கூடாது என்பதற்காகவே போடுகிற முடிச்சு எப்படி அவிழும்? மகள் மடையை மூடிவிட்டு ஓடிவந்து, பையிலிருந்த மடக்குக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். படகு தொப்பென்று விழுந்து, சுவரில் இரண்டு முறை இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் படகு கவிழ்ந்து அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். 

அவள் முடிச்சைப் பார்த்தாள். பிறகு எனக்கு அடிபட்டதா என்று கேட்டாள். திட்டியிருக்கலாம்.

மதியம் மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். அழுதிருந்தாள். "இன்னும் இன்னா பாக்கணும்? என் கண்ணாலயே பாத்துட்டேன். அதை வித்துட்டு அவளை இட்டுக்கினு வாங்க" என்றாள். மகள் பக்கத்தில் உடைந்த தட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஏழடி அகலத்தில் யாருக்கும் எதுவும் கேட்காமல் போகாது. ஆனாலும் முடிச்சைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நான் தேடி வந்த காரணம் என் காலடியிலேயே கிடந்தது. நானும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தை பிறந்ததும் முசரவாக்கத்தில் அஸ்திவாரம் போட்டுவிடலாம். ஆசையாக இருந்தது. 

"படகு மேல தப்பு இல்லம்மா" என்றேன். "கட்டாதேன்னு பொண்ணு சொல்லிச்சு. நான்தான் தறியில போடற மாதிரி முடிச்சுப் போட்டுட்டேன். படகு நல்லாதான் இருக்குது. அவளும் நல்லாதான் இருக்கா."

 "அப்போ அவ வரமாட்டா" என்றாள் மனைவி. கேள்வியாகக் கேட்கவில்லை. வரமாட்டாள் என்று நானும் சொன்னேன்.  மகளின் துடைப்பம் சற்று நின்றது, மறுபடி கூட்டத் தொடங்கியது.

நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இன்னொரு லாக் வந்தது. கயிற்றுக்குக் கையை நீட்டினேன். மகள் மடை திருகும் இரும்புக் கைப்பிடியைக் கொடுத்தாள். "கயிறு என்கிட்டயே இருக்கட்டும். நீ தண்ணிய விடுபா" என்றாள். அவள் படகிலேயே நின்றுகொண்டாள், நான் கரையில் நின்று மெதுவாகத் திருகினேன். அவள் தலை முதலில் என் இடுப்புக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு, பிறகு குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் திற என்று கீழேயிருந்து சைகை காட்டினாள். திறந்தேன். தண்ணீர் சமமானதும், கதவின் நீண்ட மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளித் திறந்துவிட்டேன். படகு வெளியே போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படகு ஓட்டுகிறவர்கள் முன்னால்தான் பார்க்க வேண்டும்.