சூளைக்குப் போகாத நீலம்

"12.6.1983, ஞாயிறு. ஏரி. மழை இல்லை." என் மனைவி வரைந்த முதல் படத்தின் பின்பக்கம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தேதி போடாமல் எதையும் எடுத்துவைத்துப் பழக்கமில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் அவள் டவுனில் இருந்த பீங்கான் பட்டறை வேலையை விட்டிருந்தாள். ஜாடி வனைவதும், பளபளப்புக்காக அதன்மேல் கிளேஸ் பூசுவதுமாகப் பத்து வருஷம் இருந்தவள். நின்றதற்கு ஒரே காரணம்தான் சொன்னாள்: "பூசறது நானுங்க. கடைசியில முடிவு பண்றது சூளை. இனி நான் வெச்ச நெறம் வெச்சபடி நிக்கோணும்."

படத்தை முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். ஏரி முழுக்க வெளிர் ரோஜா நிறம்.

"தண்ணி நீலமால்ல இருக்கோணும்?"

"நீலந்தானுங்களே..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பட்டறையில் நீல கிளேஸ், பூசும்போது ரோஜா நிறமாகத்தான் இருக்கும். சூளையில் வெந்த பிறகே நீலமாகும். பத்து வருஷமாக ரோஜாவைப் பார்த்து நீலம் என்று எண்ணிப் பழகிய கண், காகிதத்திலும் அதையே செய்துவிட்டது.

"இந்தக் கண்ணை வெச்சுட்டு நான் எப்படிங்க படம் போடறது?" என்று கேட்டாள்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் பக்கத்துக் கிராமமான கரடியூர் போவோம். அங்கே எப்போதும் ஒரே மலைச்சரிவு. காகிதத் துண்டில் நிறத்தைத் தீற்றி இலைமேல் வைத்துப் பார்ப்பாள். பொருந்தாவிட்டால் மறுபடி கலப்பாள். அந்தப் படங்கள் எல்லாம் தேதிவாரியாக என்னிடம் இருக்கின்றன. வரிசையாக அடுக்கினால், வெறும் பச்சையாக இருந்த சரிவில் காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் ஆரஞ்சு மரமும் தனித்தனியாகப் பிரிந்து எழுவதைப் பார்க்கலாம்.

1987 கோடையில் மலர்க் கண்காட்சியில் உள்ளூர்க்காரர்களின் படங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கினார்கள். ஆளுக்கு ஒரு படம். கரடியூர்ச் சரிவைக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கொடுத்தது புதிதாக வரைந்த ஏரி. அதே ரோஜா நிறம்.

"மறுபடியுமா?"

"அப்ப தெரியாம வெச்சது. இது தெரிஞ்சே வெச்சதுங்க."

"ஏரியில எவன்டா ரோஸ்மில்க்கைக் கொட்டுனது?" என்று ஒரு காலேஜ் பையன் சிரித்தான். நான் நகர்ந்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் அசையவில்லை.

மதியம் பட்டறைப் பெண்கள் நால்வர் வந்தார்கள். படத்தைப் பார்த்த உடனே ஒருத்தி, "ஏனுங்கக்கா, நொம்ப நல்ல நீலமுங்க!" என்றாள்.

"பூச்சு கொஞ்சம் கனம். வெந்தா கருநீலமாயிரும்," என்றாள் இன்னொருத்தி.

"இதைச் சூளையில வெச்சா சாம்பல்தான்டி வரும்!" என்றாள் மூன்றாமவள்.

அவர்கள் சிரித்த சிரிப்பில், தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து படத்தை மறுபடி பார்த்தார்கள்.

"வெச்ச நெறம் வெச்சபடி நிக்குதுங்களா?" என்று என் மனைவி என்னிடம் கேட்டாள்.

"நிக்குது," என்றேன்.

அதன் பிறகு அவள் வரைந்த எல்லாப் படங்களிலும் எங்காவது ஒரு சுடாத நிறம் இருக்கும்.

கண்காட்சியன்று மாலையே சேலத்துக்காரர் ஒருவர் அந்த ஏரியை வாங்கிப் போனார். அதன் பின்பக்கத்திலும் என் கையெழுத்தில் தேதி இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது ரோஜாவா, நீலமா என்பது மட்டும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.