சங்கு கிடக்கும் இடம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊருக்கு இரண்டே வரிதான் இருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரைச் சிற்றூர். மீன்பிடிப்பது முக்கியத் தொழில். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவின் தங்கை அவள். கடற்கரைச் சாலையில் கயிறும் டார்ச் லைட்டும் விற்கும் எங்கள் கடையின் கல்லாவில் இருப்பாள். தாத்தா காலத்தில் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம் எங்களுடையது. அத்தை பிறந்தது இங்கேதான், ஆகவே ஊரைப் பற்றி எழுதும் பொறுப்பு தனக்கே என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆள் ஆளாகக் கேட்டுவந்து அவள் சொல்வாள், அவள் போனில் நான் அடிப்பேன். சின்னப் பெண்ணானாலும் எனக்கு விரல் வேகம். சப்பரம் எந்தத் தெருவில் திரும்பும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் கரிக்காது என்பதெல்லாம் ஏறியது. கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும், சங்கு குளிக்கப் போகும் மாமா ஒருவர் தினமும் கடைக்கு வருவார். அத்தையைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கடலில் சங்கு கிடக்கும் இடத்தைக் கரை அடையாளம் வைத்துக் கண்டுபிடிக்கும் விதத்தை அவர்தான் சொன்னார். வள்ளத்திலிருந்து பார்க்கும்போது மாதா கோயில் கோபுரம் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறையும் இடம். அதையும் ஏற்றினோம்.

ஒரு சாயங்காலம் சங்கு குளிப்பவர்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். மாமாவையும் இழுத்து வந்திருந்தார்கள். சங்கு கிடக்கும் இடம் நெட்டில் வந்துவிட்டதென்று துபாயிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே தாயி. நாளைக்கே வெளியூர் வள்ளம் பூரா அங்கன வந்து நிக்கும்!"

"நீ இனி எங்க வள்ளத்துல ஏறாதலே" என்று மாமாவிடம் ஒருவர் கத்தினார். மாமா வாயே திறக்கவில்லை.

அத்தை அந்தப் பத்தியை நீக்கினாள். அப்பா கலர் சோடா பாட்டில்களைத் திறந்து நீட்டினார், யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தால் பத்தி பழைய இடத்திலேயே இருந்தது. காரணமில்லாமல் நீக்கியதாக முகம் தெரியாத எவரோ திரும்பப் போட்டிருந்தார்.

"அப்படி என்னதாம்ளா எழுதிருக்கு? வாசி" என்றார் கூட்டத்தில் மூத்தவர்.

வாசித்தேன். கோபுரம், தண்ணீர்த் தொட்டி என்று வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஏலே, வெளியூர்க்காரன் கேட்டா நாம சொல்லுத எடம்லா இது! அங்கன வெறும் சகதிதான கெடக்கு!"

கடையே அதிரும்படி சிரித்தார்கள். கெட்டிக்காரன் என்று மாமாவின் முதுகில் அடித்தார்கள். கலர் பாட்டில்கள் காலியாயின. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனார். பிழைப்பே போகவிருந்த நேரத்திலும் அது பொய் இடம் என்பதை அவர் ஏன் தன் வாயால் சொல்லவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அத்தை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அதான் ஒண்ணும் ஆவலல்லா? பெறவு ஏன் அத்த அழுதிய?"

"வெளியூர்க்காரனுக்குச் சொல்லுத எடத்த எனக்கும் சொல்லிருக்காவ, பாத்தியாளா" என்றாள்.

இதற்கா அழுகை என்று நான் அவள் போனை எடுத்து நீட்டினேன்.

"தப்புன்னா திருத்திருவோம் அத்த. மாமாட்ட சரியான எடத்தக் கேட்டுட்டு வாங்க, நான் அடிச்சுத் தாரேன்."