முன்பின் தெரியாதவளுக்கு

தில்லை நகரில் கொரிய மொழி வகுப்பு நடத்துகிறவள் அனுசுயா. ஸ்ரீரங்கம் கோயிலைப் பார்க்க வரும் கொரியர்களுக்கு வழிகாட்டியும் அவள்தான். போன மாதம் காய்ச்சலில் படுத்ததும், தன்னிடமே கொரியம் படித்த தோழி கலைமதியைத் தனக்குப் பதிலாக அனுப்பினாள்.

"முன்பின் தெரியாதவங்கள 'நீ'ன்னு கூப்பிட்டுடாதடி. குனிஞ்சு மரியாதையா 'சொன்செங்நிம்'னு சொல்லு" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

காய்ச்சல் விட்டும் வழிகாட்ட ஒருவரும் அனுசுயாவைக் கூப்பிடவில்லை. நேற்று கோயிலுக்குப் போனால், கொரியக் கூட்டத்தின் நடுவே கலைமதி!

"அடியே கலை, என்னடி இது?" என்று கத்தினாள் அனுசுயா.

அந்தத் துரோகி முகத்தில் ஈயாடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? சிரித்தாள். அழகாகக் குனிந்தாள்.

"சொன்செங்நிம், கொஞ்சம் வழி விடுங்க" என்றாள், கொரிய மொழியில்.

உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.