கரியேறிய கிண்ணி

என் மருமகள் இங்கிலீஷ் டீச்சர். நேற்று சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், "டார்னிஷ்னா என்னன்னு ஒரு பிள்ளைக்கும் தெரியல அத்தை" என்று சலித்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் வந்து சொல்கிறாளே என்று சிரித்தேன். அவள் விடவில்லை. வெள்ளியும் பித்தளையும் மங்கிக் கறுப்பதற்கு அந்த வார்த்தையாம். மனுஷர் பெயர் கெடுவதற்கும் அதையே சொல்வார்களாம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம். அதற்கும் முந்தி அதன் வேருக்கு 'மறைத்துவைப்பது' என்று பொருள் இருந்திருக்கலாம் என்கிறார்களாம்.

மறைப்பது என்றதும் எனக்குப் புளியும் சாம்பலும் கலந்த வாசனை வந்துவிட்டது. கூடவே கன்னியம்மாக்காவும்.

கல்யாணமான புதிதில் தேரடித் தெருப் பக்கம் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் எனக்கும் அக்காவுக்கும் வேலை. விசேஷ வீடுகளுக்குப் போய்ப் பாத்திரம் விளக்க வேண்டும். நான் கூச்சக்காரி. அண்டாவுக்குள் இறங்கித் தேய்க்கச் சொன்னால் சந்தோஷம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் பாருங்கள். அக்கா அப்படியில்லை. கண்ணில் பட்ட எதையும் விளக்காமல் ஒரு வீட்டைவிட்டு வரமாட்டாள். "வுட்டா கதவுப் பூட்டையும் விளக்கிடுவா" என்பார் கடைக்காரர்.

அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்குச் சீராக வைத்த வெள்ளிக் கிண்ணியைக் காணோம். வீட்டுக்காரம்மா நேராக அக்காவிடம் வந்தாள். "பின்கட்டுல இருந்தது நீங்க ரெண்டு பேருதான்." சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். திருடி என்று ஒருமுறை பெயர் வந்தால் அப்புறம் எந்த வீட்டிலும் படியேற முடியாது. நான் வாயே திறக்காமல் அண்டாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "இன்னும் வேல பாக்கி இருக்குதுங்கம்மா. முடிச்சிட்டு வரேன். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

மிச்சமிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சமையற்கட்டு மூலையில், அகல் விளக்குக்கு மேலே ஒரு கிண்ணி கவிழ்ந்திருந்தது. அந்த வீட்டுக் கிழவி, குழந்தைகளுக்குக் கண்மை கூட்டுவதற்காகக் கைக்குக் கிடைத்த கிண்ணியைப் புகை பிடிக்க வைத்திருந்தாள். உள்ளும் புறமும் ஒரே கரி.

"அது பழைய இரும்புக் கிண்ணி, வுடு" என்றாள் வீட்டுக்காரம்மா.

அக்கா விடுவாளா. மையை வீணாக்காமல் வாழையிலைத் துண்டில் வழித்து வைத்தாள். பிறகு விபூதி போட்டுத் தேய்த்தாள். கரிக்குள்ளிருந்து வெள்ளி பளிச்சென்று வந்தது. வீட்டுக்காரம்மா சீர்க் கிண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"மனசுல வெச்சிக்காத கன்னியம்மா."

"எங்க வெக்கறது, எடம் இல்லீங்கம்மா. அந்த மைய மட்டும் குடுங்க."

வெளியே வந்ததும் அதை விரலில் தொட்டு என் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "ரொம்ப சத்தமா பேசிட்டடி. கண்ணு பட்டுடப் போவுது."

எவர்சில்வர் வந்தது, பேப்பர் தட்டு வந்தது, கடை போயிற்று. அக்காவும் போய்விட்டாள். கார்த்திகை தீபம் முடிந்து மலைமேலிருந்து தீப மை பிரசாதமாக வரும்போது, இப்போதும் நெற்றியில் இட்டுக்கொள்கிறேன். கன்னத்தில் வைத்துவிடத்தான் ஆளில்லை.